பொருள்: ஸ்கேன் கருவி வேண்டாம், கிராம சபைக்கு ஒரு பட்டியல் வேண்டும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஸ்கேன் கருவி வாங்கித் தரலாம் என்று துபாய் அண்ணன் நம் குழுவில் எழுதியிருந்தார். அவருடைய ஊர்ப்பற்றை நாம் எல்லோரும் அறிவோம். ஆனாலும் இதற்கு நான் உடன்படவில்லை.

கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற இடத்தில் தகுதியுள்ள மருத்துவர்தான் அந்தக் கருவியை இயக்கலாம். அந்த மருத்துவருக்கான பணியிடத்தை அரசுதான் உருவாக்க வேண்டும். ஆள் வராவிட்டால் கருவி உறைக்குள்ளேயே கிடக்கும். மருந்து வாங்கித் தரும் யோசனையும் தேவையில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டந்தோறும் கிடங்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கியுள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் குறைவது ஆட்கள்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அது தலையை எண்ணுகிறதே தவிர வயதை எண்ணுவதில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் எல்லாம் புறப்பட்டுவிட்ட நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு முதியவர்கள்தான். நாம் கிளம்பிவந்ததால் ஊரின் தலைக்கணக்கு குறைந்தது. கவனிப்புத் தேவையோ கூடியது. இந்த முரண் எந்தத் திட்ட அறிக்கையிலும் தானாக ஏறாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பரிசோதித்து மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பொங்கலுக்கு ஊரில் இருந்தபோது அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்தார். பிறகு கேட்காமலேயே அம்மாவின் பாதத்தைத் தூக்கி, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். “பெரியம்மா, செருப்பில்லாமல் கொல்லைப்பக்கம் போகாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் அல்ல. இதை மாற்றச் சொல்லியும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

அதே தெருவில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியப்பாவின் நிலை வேறு. (அவருடைய பிள்ளைகள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) இயன்முறை மருத்துவரும், தீராத நோயாளிகளின் வேதனையைக் குறைக்கும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வட்டாரம் முழுவதையும் சுற்றி வரவேண்டியவர்கள். அவர்கள் அடுத்த முறை வரும்வரை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. பெரியம்மாவுக்கும் வயதாகிவிட்டது, தனியாக முடியவில்லை. இடுப்பில் படுக்கைப்புண் ஆழமாகிவிட்டது.

பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவரை உள்ளூரிலேயே அமர்த்தி, அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க நம் ஊர்ச் சங்கத்தின் பணத்தைச் செலவிடலாம். பணம் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். அயல்நாட்டு நன்கொடை பெறுவதற்கான மத்திய அரசின் பதிவு இல்லாமல் சங்கக் கணக்கில் போடக் கூடாது. கட்டடம்தான் கட்ட வேண்டும் என்பவர்களுக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும்.

ஆனால் கூடுதல் செவிலியர், கூடுதல் இயன்முறை மருத்துவர் எல்லாம் அரசு தரவேண்டியவை. நம் நன்கொடை அந்தக் கடமைக்கு ஈடாகிவிடக் கூடாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இப்படி வரும் நிதி கேட்கிற ஊருக்குத்தான் முதலில் போகும்.

அக்டோபர் 2 கிராம சபையில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும். அங்கே வைக்க ஒரு பட்டியல் வேண்டும்: தனியாக வாழும் முதியவர்கள் எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர். சபையில் எண்ணிக்கையை மட்டும் வைப்போம். பெயர் விவரம் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் போகட்டும். தீர்மானம் பதிவேட்டில் எண்ணோடு ஏறி, அதன் நகல் நம் கைக்கு வரவேண்டும்.

உங்கள் வீட்டு விவரத்தைக் குழுவில் எழுதாமல் செயலாளருக்குத் தனி மடலில் செப்டம்பர் 15க்குள் அனுப்புங்கள். அக்டோபர் 2 அன்று ஊரில் இருக்கப்போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு எழுதுங்கள். தீர்மான வாசகத்தைச் சேர்ந்தே எழுதலாம்.