எரிக்சனுக்கு வந்தது மாரடைப்பா, கார்டியாக் அரெஸ்டா? இரண்டும் வேறா?

கொள்ளிடத்தான்:

அனைவருக்கும் வணக்கம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிராக நடந்த ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில், முதற்பாதி முடியும் தறுவாயில், டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே தரையில் சரிந்ததை நேரலையில் பார்த்தேன். அது மாரடைப்பு என்று சிலரும், கார்டியாக் அரெஸ்ட் என்று சிலரும் இன்றுவரை எழுதுகிறார்கள். என் தந்தைக்கும் சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தது. அவர் வாயுத் தொல்லை என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரவு முழுவதும் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடிந்தபின் ஆட்டோவில் போய், தானே நடந்து மருத்துவமனைக்குள் நுழைந்தார். இரண்டும் ஒரே நோய் என்றால், 29 வயது வீரர் நொடியில் உணர்விழந்ததும் என் தந்தை விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததும் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சி.சி.யூ. செவிலி:

நான் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் தந்தைக்கு வந்ததுதான் மாரடைப்பு. இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் ஒன்றில், பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசைப் பகுதி மட்டும் சிறிது சிறிதாகச் சாகத் தொடங்கும். மற்ற பகுதிகள் தொடர்ந்து துடிப்பதால் மூளைக்கு இரத்தம் போகிறது, நோயாளி பேசுகிறார், நடக்கிறார். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல், குமட்டல், மேல்வயிற்று எரிச்சல் என்று வருவதுண்டு என்பதால்தான் ஓமத் தண்ணீரோடு இரவு கழிகிறது. ஈசிஜியும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் இதை உறுதிசெய்யும்.

எரிக்சனுக்கு நேர்ந்தது கார்டியாக் அரெஸ்ட், அதாவது இதய நிறுத்தம். இதயம் துடிப்பதற்கு ஒழுங்கான மின்தூண்டல் வேண்டும். அந்த ஒழுங்கு திடீரெனக் குலைந்தால், பெரும்பாலும் இதயத்தின் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ஒரு சொட்டு இரத்தமும் வெளியே தள்ளப்படாது. சில நொடிகளில் உணர்வு போய்விடும், நாடி இருக்காது. தமனியில் எந்த அடைப்பும் இல்லாதவருக்கும் இது வரலாம்: மரபணுக் கோளாறால் இதயத் தசை தடித்திருப்பவர்கள், மரபுவழி மின்கோளாறு உள்ளவர்கள், இரத்தத்தில் பொட்டாசியம் அளவு தாறுமாறானவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள் எனப் பலர் உண்டு. 2023 ஜனவரி 2 அன்று ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் டாமர் ஹாம்லின் 24 வயதில் விழுந்தது, துடிப்பின் மிக நுட்பமான ஒரு கணத்தில் மார்பில் பட்ட அடியால். அவரும் பிழைத்து மீண்டும் ஆடினார்.

பைலட் அல்ல, இ.எம்.டி.:

செவிலியர் சொன்னதோடு, பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டியதையும் சேர்க்கிறேன். ஆம்புலன்சில் இ.எம்.டி.யாக, அதாவது அவசர மருத்துவ உதவியாளராகப் போகும் எங்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமாவது அங்கேதான். எரிக்சனிடம் அணி மருத்துவர் மார்ட்டன் போய்சன் வந்தபோது மூச்சும் நாடியும் இருந்தன. சற்று நேரத்தில் அவை நின்றுவிட, உடனே மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். ஒரே ஒரு மின்னதிர்ச்சியில் துடிப்பு திரும்பியது. அந்தத் தொடக்க நிமிடங்கள் வீணாகியிருந்தால் எவ்வளவு பெரிய மருத்துவமனையாலும் பயன் இருந்திருக்காது, ஏனெனில் இரத்தம் கிடைக்காத மூளை 4 முதல் 6 நிமிடங்களுக்குள் பழுதாகத் தொடங்கிவிடும்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. விழுந்தவருக்குக் கைகால் சிறிது வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று முடிவுகட்டிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். தொண்டையிலிருந்து விட்டுவிட்டு ஒரு கேவல் வரும். அதை மூச்சு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விலா எலும்பு உடையுமோ என்று தயங்குகிறார்கள். உடைந்தால் பிறகு கூடிக்கொள்ளும். ஏ.இ.டி. என்ற, மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவி கிடைத்தால் அதைத் திறந்து, அது குரலில் சொல்கிறபடி செய்தால் போதும். தேவையில்லாதவருக்கு அது மின்னதிர்ச்சி தராது.

கொள்ளிடத்தான்:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியென்றால் என் தந்தை அந்த இரவிலேயே இதய நிறுத்தத்துக்குப் போயிருக்கக் கூடுமா? இப்போது தமனியில் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்திருப்பதால் அந்த அபாயம் முழுவதும் நீங்கிவிட்டதா?

சி.சி.யூ. செவிலி:

போயிருக்கக் கூடும். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் இதய நிறுத்தங்களுக்கு மாரடைப்பே முதன்மைக் காரணம்; இரத்தமின்றித் தவிக்கும் தசைதான் மின்னோட்டத்தைக் குலைக்கிறது, அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில் அதிகமாக. எனவே நெஞ்சு வலியோடு இருப்பவரை இருசக்கர வாகனத்தில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவதைவிட, மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் உள்ள ஆம்புலன்சுக்குச் சொல்வது மேல். அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள கேத் லேப் தொலைவில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது வீண் அலைச்சல் ஆகாது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய லோடிங் டோஸை, அதாவது தொடக்கத்தில் ஒரே முறையாகத் தரும் கூடுதல் அளவு மருந்தை, அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

ஸ்டென்ட் அடைப்பைத்தான் திறக்கிறது. செத்த தசை வடுவாகிவிட்டால், அந்த வடுவிலிருந்து பிற்காலத்திலும் மின்கோளாறு கிளம்பலாம். தந்தையின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் ஈ.எஃப். என்று ஒரு சதவீதம் இருக்கும்; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டும். மாரடைப்புக்குப் பிறகு 40 நாள்களாவது கடந்து, மருந்துகள் எடுத்தும் அது 35 அல்லது அதற்குக் கீழே நின்றால், ஐ.சி.டி. என்ற, உடலுக்குள் பொருத்தும் கருவி தேவையா என்று இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். எரிக்சனுக்குப் பொருத்தியது அந்தக் கருவியைத்தான். சாதாரண பேஸ்மேக்கர் மெதுவான துடிப்பை ஈடுசெய்யும், ஐ.சி.டி.யோ கீழறை நடுங்கினால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுக்கும். அந்தக் கருவியோடு ஆட இத்தாலிய விதிகள் இடம் தராததால் அவர் தன் இத்தாலியக் கிளப்பான இண்டர் மிலானை விட்டு விலகி, 2022இல் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பில் சேர்ந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார்.

தாமிரபரணி:

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஓங்கி இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு செய்தி வருகிறது. இதை நம்பலாமா?

பைலட் அல்ல, இ.எம்.டி.:

நம்ப வேண்டாம். இருமும் அளவுக்கு உணர்வு இருப்பவருக்கு இதயம் நிற்கவில்லை. நின்றுவிட்டவரால் இரும முடியாது. மருத்துவமனையில் மானிட்டர் பொருத்திய நிலையில், துடிப்பு தடுமாறத் தொடங்கும் நொடியில் மருத்துவர் நோயாளியை இருமச் சொல்வதுண்டு. அதைத்தான் யாரோ வீட்டு வைத்தியமாக்கிவிட்டார்கள். தனியாக இருப்பவர் இருமுவதற்குச் செலவிடும் மூச்சில் 108ஐ அழைத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்துவைத்து, அதன் அருகிலேயே உட்கார்ந்துகொள்ளட்டும். பூட்டிய கதவுக்கு வெளியே நாங்கள் நின்ற அனுபவம் உண்டு. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர் என்றால், தொலைபேசியில் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம்.