பந்து கையை விடும் முன்பே அது எப்படி வரும் என்று சிலருக்குத் தெரிந்துவிடுகிறதே, உங்களுக்கும் நடந்ததா?

இடதுகை ஓப்பனர்:
இரண்டு மாதம் பவுலிங் மெஷினில்தான் பயிற்சி. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வைத்தாலும் டிரைவ் நடுமட்டையில் பட்டது. அப்புறம் லீக் மேட்சில் ஒரு மிதவேகக்காரர், 115 கூட இருக்காது. மூன்று பந்தும் லேட்டாகப் போனேன், நான்காவதில் போல்டு. அதைவிட உறுத்துவது வேறு. அதே பவுலரின் முந்தைய ஓவரில் மறுமுனையில் நின்றிருந்தேன். ஸ்லோ பால் வந்தது. நாற்பது வயது தாண்டிய எங்கள் அண்ணன் அவசரமே இல்லாமல் காத்திருந்து கவரில் தட்டினார். "விரலைப் பிரிச்சுப் பிடிச்சிருந்தானே, பாக்கலையா தம்பி?" நான் பார்க்கவில்லை. மெஷினுக்கு ஏது விரல்?

வலது கார்னர்:
எனக்குக் கபடி, வலது ஓரத்தில் நின்று பிடிப்பவன். பாடிவரும் ரைடரின் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். அரையிறுதி, ஒரு புள்ளி வித்தியாசம். அவர் இடது கார்னரைப் பார்த்தார், என் கண்ணும் அங்கே போனது. கை என் தோளில் பட்டுவிட்டது. அவர் இடுப்பு முதலிலிருந்தே என் பக்கம்தான் திரும்பியிருந்தது. என் கையைக் கோத்திருந்த தம்பி "அண்ணே, இடுப்பு!" என்று கத்தியது தொட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

நெட்ஸ் பக்கம்:
ஓப்பனர், மெஷின் மேல் பழி போடாதீர்கள். "பந்தைக் கடைசி வரை பாரு" என்று பையன்களிடம் வருஷக்கணக்கில் கத்தியவன் நான். இடைவிடாமல் அப்படிப் பார்ப்பது முடியாது. 140-ல் வரும் பந்து அரை நொடிக்குள் மட்டைக்கு வந்துவிடும், அதில் 0.2 நொடி கண் பார்த்து உடம்பு அசையவே போய்விடும். 2000-ல் லேண்ட், மெக்லியோட் என்ற ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். பந்து கிளம்புவதைப் பார்த்ததும் கண் அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருந்தது. திறமை கூடியவருக்குத் தாவலும் சீக்கிரம். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: நெட்ஸில் மட்டை இல்லாமல் அம்பயர் இடத்தில் நில்லுங்கள். பந்து கையை விட்டதும் மட்டைக்குப் பக்கத்தில் குத்தும் என்றால் "ஃபுல்", தள்ளிக் குத்தும் என்றால் "ஷார்ட்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரைக்கர் பக்கம் வாருங்கள், அப்போதும் மட்டை வேண்டாம். பவுலரை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே ஆள் என்றால் அவர் பழக்கம் மட்டும்தான் பிடிபடும். கார்னர் தம்பிக்கும் இதேதான், ரைடரின் இடுப்பைப் பார்த்துத் திசையைச் சொல்லிப் பழகுங்கள்.

கீப்பர்:
நெட்ஸ் அண்ணே, நீங்கள் சொல்லும் அந்தச் சோதனையே பவுலிங் மெஷினை வைத்து நடந்ததுதான். குத்தும் இடத்தை மெஷினிலும் கணிக்கலாம். விரலையும் மணிக்கட்டையும் படிக்க ஆள்தான் வேண்டும். ஓப்பனர் சொன்னதும் அதைத்தானே?

என் கதை சின்னது. லெக் ஸ்பின்னருக்கு ஸ்டம்ப்பை ஒட்டி நின்றேன். புறங்கை தெரிந்தது, கூக்ளி, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து. உடனே லெக் பக்கம் ஓரடி வைத்துவிட்டேன். கட் அடிக்க மட்டையைத் தூக்கியிருந்த பேட்ஸ்மேன் என் ஷூ சத்தம் கேட்டதும் மட்டையை இறக்கி பேடுக்கு முன்னால் வைத்துத் தடுத்துவிட்டார். எங்கள் பவுலர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.