டெங்குவும் மைட்டோகாண்ட்ரியாவும்: யாராவது விளக்க முடியுமா?

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். காய்ச்சல் போன பிறகும் டெங்கு அசதி ஏன் வாரக்கணக்கில் விடுவதில்லை என்று ஒரு மாணவி கேட்டாள்.

வைரஸுக்குச் சொந்தமாக ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்க வழி கிடையாது, செல்லின் கையிருப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். டெங்கு புகுந்த செல் குளுக்கோஸை வழக்கத்தைவிட வேகமாக உடைக்கிறது, சேமித்த கொழுப்பையும் எரிக்கிறது. இதுவரை சரி.

சிக்கல் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். டெங்குவின் என்எஸ்4பி புரதம் அதை நீளமாக்கி வைரஸ் புகுந்ததைச் செல் அறிவிக்கும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை மங்கவைக்கிறது என்கிறது ஒரு ஆய்வு. வைரஸின் புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் நொதி), மைட்டோகாண்ட்ரியாக்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைட்டோஃபியூசின் புரதத்தை வெட்டுவதால் அது துண்டாகிறது என்கிறது இன்னொன்று. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? செல் வகை வேறா, தொற்றின் கட்டம் வேறா?

அப்புறம், ரத்தத்தில் வைரஸ் தீர்ந்த பிறகும் நீடிக்கும் அசதிக்கு இந்த மைட்டோகாண்ட்ரியா மாற்றத்தைக் காரணம் சொல்லலாமா, இல்லை நோய் எதிர்ப்பு அமைப்பின் சைகைப் புரதங்களான சைட்டோகைன்களின் வேலையா? சைட்டோகைன்கள்தான் என்பது என் யூகம். யூகத்தை வகுப்பில் சொல்ல மனம் வரவில்லை.

புதுச்சேரி ஜிப்மரிலோ வேறு ஆய்வகத்திலோ வைரஸ் பற்றி வேலை செய்பவர்கள் இங்கே இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். படிக்கக் கட்டுரை சொன்னாலும் நல்லது. காசு கட்டாமல் திறக்கிறதாக இருக்கட்டும்.