தேய்ந்துபோன வெள்ளி ரூபாய்: பாதி வெள்ளிதான் என்கிறார் கடைக்காரர், சரியா?

அம்பைக்காரன்:
எங்கள் ஆச்சியின் அரங்கு வீட்டில் ஒரு பித்தளைச் செம்புக்குள் துணியில் முடிந்த வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த பெண் தலை. மூக்கும் கன்னமும் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. மறுபக்கம் கொடி வேலைப்பாடு மட்டும் லேசாகத் தெரிகிறது, வருஷம் சுத்தமாக இல்லை. மேல் விளிம்பில் எப்போதோ வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. டவுனில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். கல்லில் உரசிக்கூடப் பார்க்காமல், "பாதி வெள்ளிதான் தம்பி" என்று அதற்கேற்ற விலை சொன்னார். யூடியூபிலோ பத்து லட்சம் என்கிறார்கள். எதை நம்ப?

பேட்டை நாணயப்பித்து:
பத்து லட்சத்தை முதலில் மறந்துவிடுங்கள். பழைய காசு வாங்குவதாக ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி கமிஷன் கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது.

பாதி வெள்ளி என்பதும் தப்பு. ஐம்பது சதவீத வெள்ளியில் ரூபாய் வந்தது 1940 முதல் 1945 வரை, ஆறாம் ஜார்ஜ் தலையோடு. பெண் தலை என்றால் விக்டோரியா, 91.7 சதவீதம் வெள்ளி. புதிதில் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா.

வருஷம் போனாலும் எழுத்தைப் பிடிக்கலாம். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, தலைக்குப் பின்னால் வலது ஓரத்தைப் பாருங்கள். கடைசி ஆங்கில எழுத்து 'என்' (N) என்றால் குயின், அதாவது ராணி, 1862 முதல் 1876 வரை. 'எஸ்' (S) என்றால் எம்பிரஸ், அதாவது பேரரசி, 1877 முதல் 1901 வரை. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

அம்பைக்காரன்:
அண்ணாச்சி, புளி நேற்றே போட்டாச்சு...

பேட்டை நாணயப்பித்து:
சரி விடுங்க. பற்றவைத்த காசை சேகரிப்பவர்கள் எப்படியும் ஒதுக்கிவிடுவார்கள். இது வெள்ளி விலைக்குத்தான் போகும்.

டவுன் பட்டறை:
வெள்ளியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் காசை மட்டும் நிறுங்கள். அப்புறம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். காசின் எடையை இப்போது வரும் எண்ணால் வகுத்தால் 10.3 பக்கம் வரவேண்டும். பாதி வெள்ளி என்றால் 9.5-தான் வரும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு ஏமாற்றும், ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.

அம்பைக்காரன்:
பார்த்தேன். காசு 11.18 கிராம், தண்ணீரில் 1.08. வகுத்தால் 10.35! ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்த ஒரு எழுத்தும் தெரிந்தது, 'எஸ்' என்றே நினைக்கிறேன்.

டவுன் பட்டறை:
அப்போ எம்பிரஸ்தான். 11.18-ஐ 0.917-ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளி சுமார் 10.25 கிராம். அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். உருக்குச் சேதாரம் என்று கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயம். பாதியாகக் கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்பைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அதே செம்பில் 1947 என்று போட்ட ராஜா தலை ரூபாயும் இருக்கிறது. அது காந்தத்தில் ஒட்டுகிறதே?

பேட்டை நாணயப்பித்து:
அது நிக்கல். பின்னால் புலி நிற்குமே, பாருங்கள். வெள்ளி துளியும் கிடையாது.