இன்புளுவன்சாவா, ஆர்எஸ்வியா? குறைந்த செலவில் எங்கே பார்க்கலாம்?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆஸ்துமாவும் உண்டு. நேற்றிரவு முதல் காய்ச்சல், தடிமன், விடாத இருமல். டெங்குக்கு என்எஸ்1 பார்த்தாயிற்று, நெகட்டிவ். (கொழும்பில் காய்ச்சல் என்றாலே முதலில் அதுதானே!)

இப்போது தெரிய வேண்டியது இன்புளுவன்சாவா, கொவிட்டா, ஆர்எஸ்வியா (சுவாசப் பாதையைத் தாக்கும் இன்னொரு வைரஸ்) என்பது. வெளியில் மூன்றும் ஒரே மாதிரித்தான். ஆனால் ஒசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இன்புளுவன்சாவுக்குத்தான் வேலை செய்யும். அதையும் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் கூடிய பலன். அதனால் ஆறுதலாக வரும் ரிப்போட் எங்களுக்கு உதவாது.

ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பல வைரஸ்களை ஒன்றாகப் பார்க்கும் பிசிஆருக்குச் சொன்ன விலையில் தலை சுற்றிவிட்டது. அவ்வளவு நீளப் பட்டியல் எதற்கு? இந்த மூன்றை மட்டும் பார்க்கும் ரபிட் அன்டிஜன் சோதனை போதும். நெகட்டிவ் வந்தால் முழுதாக நம்ப முடியாதுதான், பொசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம்.

பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் யார் செய்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள்? வைத்தியரின் கடிதத்தோடு போனால் பொரளை எம்ஆர்ஐயில் (அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி எடுப்பார்களா? வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள் இருந்தால் இன்னும் நல்லது, அம்மாவால் படி இறங்க முடியாது.

கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த ஆலோசனை மட்டும் வேண்டாம்.