போர்டிங்கில் விடும் முன் நாய்க்கு ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டுமா?

நேப்பர்வில்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் இருக்கிறோம். வரும் தையில் மதுரையில் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். ஜனவரி 9 அன்று கிளம்பி பிப்ரவரி 8 அன்று திரும்புவதால், எங்கள் மிளகை, அதாவது நான்கு வயதும் எட்டு கிலோ எடையும் உள்ள கறுப்புப் பக் நாயை, ஒரு மாதம் போர்டிங்கில், அதாவது நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில், விட வேண்டியிருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி இரண்டு தவணையும் போட்ட சான்று இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கென்னல் காஃப் (நாய்களிடையே தொற்றும் இருமல்) ஊசி ஏற்கெனவே போட்டிருக்கிறோம்; அது போதாதா என்பது என் முதல் கேள்வி.

உண்மையான தயக்கம் வேறு. சென்ற ஆண்டு ஒரே நாளில் மூன்று ஊசிகள் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அரை மணி நேரத்தில் மிளகின் உதடும் கண்ணிமைகளும் வீங்கி, கண்கள் இரண்டும் கோடாகச் சுருங்கிப்போயின. முகத்தைக் கம்பளத்தில் தேய்த்துத் தேய்த்து அவள் முனகியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. திரும்பவும் மருத்துவமனைக்கு ஓடிப் போய் ஒவ்வாமைக்கு ஊசி போட்ட பிறகே வீக்கம் வடிந்தது. இப்போது மருத்துவமனையில் கேட்டால், மார்ச்சில் வர வேண்டிய லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியையும் ஃப்ளூ ஊசியோடு சேர்த்தே போட்டுவிடலாம், ஒரு நடை மிச்சம் என்கிறார்கள். இன்று நவம்பர் 28. என்ன செய்யலாம்?

கால்நடை மருத்துவமனை உதவியாளர்:
சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கென்னல் காஃப் ஊசி முக்கியமாக போர்டெட்டெல்லா என்னும் பாக்டீரியாவுக்கானது. இன்ஃப்ளூயன்சா வைரஸை அது தடுக்காது. இருமல் ஒன்றுபோலவே கேட்பதால்தான் இந்தக் குழப்பம்.

நாய்களிடம் இரண்டு வகை ஃப்ளூ காணப்பட்டுள்ளது. குதிரைகளிடமிருந்து வந்த ஹெச்3என்8, 2004இல் ஃப்ளோரிடாவின் பந்தய கிரேஹவுண்ட் நாய்களிடம் கண்டறியப்பட்டது. பறவைகளிடமிருந்து வந்த ஹெச்3என்2, ஆசியாவில் சில ஆண்டுகள் பரவியபின் 2015இல் உங்கள் சிகாகோ வட்டாரத்தில்தான் அமெரிக்காவில் முதன்முதலாகத் தலைகாட்டியது. இன்று போடப்படும் இணைத் தடுப்பூசி இரண்டையும் எதிர்கொள்கிறது. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ் என்பதால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். அதே நேரத்தில், போட்டுக்கொண்ட நாய்க்குத் தொற்றே வராது என்றும் சொல்ல முடியாது. வந்தாலும் நுரையீரல் பாதிப்பு குறைவாக இருக்கும். வைரஸை வெளியேற்றும் நாட்களும் குறையும்.

இது ரேபிஸ் (வெறிநோய்), பார்வோ (கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வைரஸ்) ஊசிகள் போல எல்லா நாய்க்கும் கட்டாயமான ஊசி அல்ல. நாய் எங்கே போகிறது, எத்தனை நாய்களோடு பழகுகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு மாத போர்டிங் என்பதும், மிளகு தட்டை முக இனம் என்பதும் போட வேண்டும் என்ற பக்கமே என்னைத் தள்ளுகின்றன. பக் போன்ற நாய்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சுவழி குறுகல். அதன்மேல் நிமோனியா சேர்ந்தால் நிலைமை மிகவும் கடினமாகிவிடும்.

லெப்டோவைச் சேர்த்துப் போட மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எடை குறைந்த நாய்களுக்கு ஒரே வருகையில் ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வாமை வாய்ப்பும் கூடுகிறது. லெப்டோ ஊர் திரும்பிய பிறகு, அதற்குரிய மார்ச்சிலேயே போடட்டும். சென்ற ஆண்டு வீங்கியதை மருத்துவரிடமே நேரில் சொல்லி, முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து தேவையா என்று கேளுங்கள். வார நாளில் காலை நேரமாகப் பார்த்துப் போய், ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். வீக்கம் வந்தால் பகல் முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

இரண்டு தவணைகளுக்கும் இடையே இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். இரண்டாவது ஊசிக்குப் பின் எதிர்ப்புச் சக்தி நன்கு உருவாக இரண்டு வாரம் விடுவது நல்லது. டிசம்பர் 2, டிசம்பர் 23 என்று வைத்துக்கொண்டால் ஜனவரி 9க்கு முன் எல்லாம் அடங்கிவிடும். இன்னும் ஒரு வாரம் யோசித்தால் நாள் நெருக்கும்.

ஷாம்பர்க் லாப்ரடார் வீடு:
2015 வசந்தத்தில் எங்கள் லாப்ரடாருக்கு இது வந்தது. பகல் காப்பகம் ஒன்றில் விட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள், தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமத் தொடங்கினான். ஒவ்வொரு இருமலின் முடிவிலும் வெண்ணுரை கக்கினான். அப்போது இவ்வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றன. முதலில் பழைய ஹெச்3என்8 என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஏப்ரலில்தான் கார்னெல், விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வகங்கள் அது ஹெச்3என்2 என்று உறுதி செய்தன. அதற்கான தடுப்பூசி அன்று இங்கே இல்லை, அவ்வாண்டு இறுதியில்தான் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் மூன்று வாரம் இரவுத் தூக்கம் எங்களுக்கில்லை. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி சூழ அவனை மடியில் கிடத்தி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சல் தணிந்த பிறகும் மூன்று நான்கு வாரம் வைரஸ் வெளியேறக்கூடும் என்பதால் வேறெந்த நாயின் பக்கமும் அவனை விடவில்லை. போட வாய்ப்பு இருக்கும்போது போட்டுவிடுங்கள்.

அரோரா மூத்தவர்:
நான் என் பதின்மூன்று வயது நாய்க்கு இதைப் போடவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. அவன் எங்கள் கொல்லைப்புறம் தாண்டுவதில்லை, பிற நாய்களோடு சேர்வதுமில்லை. உங்களுக்கும் நான் கேட்பது ஒன்றுதான்: வேறு நாய் இல்லாத நண்பர் வீடு ஏதும் இல்லையா, அம்மா? அப்படி ஒருவர் கிடைத்தால் ஊசியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.

கால்நடை மருத்துவமனை உதவியாளர்:
ஐயா சொல்வது அவர் வீட்டு நிலைக்கு முற்றிலும் சரி. நண்பர் வீட்டில் விட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வைரஸ் பாத்திரம், தரை போன்ற பரப்புகளில் 48 மணி நேரமும், துணியில் 24 மணி நேரமும் தங்கக்கூடியது. அந்த வீட்டார் நாய்ப் பூங்காவுக்கோ நாய் உள்ள வேறு வீட்டுக்கோ போய் வருபவர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாய் ஃப்ளூ மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை பதிவு இல்லை. ஆனால் பூனைகளுக்கு ஹெச்3என்2 தொற்றியிருக்கிறது.

நேப்பர்வில்வாசி:
அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, கேட்டுப் பார்த்தேன். எங்களுக்கு நெருங்கிய இரண்டு குடும்பங்களும் தைத் திருமணங்களுக்காக அதே வாரத்தில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஆகவே போர்டிங்தான். டிசம்பர் 2 காலை ஒன்பது மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஃப்ளூ ஊசி மட்டும் போதும், லெப்டோ மார்ச்சில் என்று சொல்லி, சென்ற ஆண்டு முகம் வீங்கியபோது எடுத்த படத்தையும் மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறேன். முதல் தவணையிலேயே மீண்டும் வீக்கம் கண்டால் இரண்டாவதைப் போட மாட்டேன். என் கணவர் மட்டும் மதுரைக்குப் போவார், நான் மிளகோடு இங்கே இருந்துகொள்வேன் என்று அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அன்று மாலை என்ன ஆயிற்று என்பதை இங்கேயே எழுதுகிறேன்.