குடும்பக் குழு: வியட்நாம் போகும் படை

கார்த்தி (இரவு 8:40): அறிவிப்பு! 340 பக்க வியட்நாம் வழிகாட்டியை இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். வேகவாசிப்புச் செயலி. நிமிடத்துக்கு 700 சொல்.

சித்தி: அடேயப்பா. பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால்…

பெரியப்பா: சபாஷ். மீ சோன் பற்றி என்ன படித்தாய் தம்பி?

கார்த்தி: ஹோய் ஆன் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட சாம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் கோயில்கள். 1999ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

பெரியப்பா: எந்தச் சாமிக்கு?

கார்த்தி: அந்த இடம் வேகமாகப் போய்விட்டது பெரியப்பா 🙈

பெரியப்பா: சிவனுக்கு. 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் லிங்கம் வைத்து, தன் பெயரையும் சேர்த்து பத்ரேசுவரர் என்று அழைத்தான். சமஸ்கிருதக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இருந்ததிலேயே பெரிய கோபுரம் 1969ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் போய்விட்டது. நான் அந்த ஒரு அத்தியாயத்தையே நாலு நாளாகப் படிக்கிறேன்.

அம்மா: கோயில் இருக்கட்டும். நான் அங்கே என்ன சாப்பிடுவேன்? அதைப் படித்தாயா?

கார்த்தி: அரிசிதான்மா. சோறு, அரிசி நூடுல்ஸ், காய்கறி. பிரச்சினையே இல்லை.

சித்தி: இருக்கிறதுடா. காய்கறியிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். நுவோக் மாம் என்று பெயர். கறி வேண்டாம் என்றால் மட்டும் போதாது அக்கா, 'ஆன் சாய்' என்று சொல்ல வேண்டும். சைவச் சாப்பாடு என்று அர்த்தம். பௌத்தர்கள் நிறையப் பேர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம்தான். அதனால் 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் உண்டு.

அம்மா: அட, அமாவாசைக்கு நம் வீட்டில் மாதிரியே! இப்போதுதான் நிம்மதி.

மீனா: கார்த்தி, அந்தச் செயலியில் ஒவ்வொரு சொல்லாகத்தானே மின்னும்? கோளாறே அங்கேதான். படிக்கும்போது கண் நேராக ஓடுவதில்லை. நின்று நின்று தாவும், புரியாத இடத்துக்குத் திரும்பி வரும். நீ அந்த வழியை அடைத்துவிட்டாய். வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேய்னர் குழுவினர் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசி 2016ல் எழுதியதும் இதுதான்: வேகம் ஏற ஏறப் புரிதல் இறங்கும்.

கார்த்தி: அப்போ இரண்டு ராத்திரித் தூக்கமும் போச்சா?

மீனா: அப்படி இல்லை. எது எங்கே இருக்கிறது என்று எங்களில் உனக்குத்தான் தெரியும். பணம் பற்றி எந்தப் பக்கம்?

கார்த்தி: 41.

மீனா: அதை மட்டும் மெதுவாகப் படி.

கார்த்தி (9:15): ஐயோ! 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் நீலமாம். 25 மடங்கு வித்தியாசம்! டாக்சியில் மாற்றிக் கொடுத்துவிட்டு முழிக்கிறார்களாம். இதை எப்படித் தாண்டிப் போனேன்?

சித்தி: நிமிடத்துக்கு 700 சொல் வேகத்தில் 😄

பெரியப்பா: சரி, இப்படிச் செய்வோம். கார்த்தி தலைப்புகளையும் ஒவ்வொரு பகுதியின் முதல் பத்தியையும் ஒரு ஓட்டு ஓட்டி, யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துப் போடட்டும். அவரவர் பங்கை அவரவர் நிதானமாகப் படிப்போம். கோயில் எனக்கு. சாப்பாடு அக்கா தங்கை இருவருக்கும். விசா மீனாவுக்கு. மொழி கார்த்திக்கு.

கார்த்தி: மொழியா? எழுத்தெல்லாம் ஏ, பி, சி, டி மாதிரிதான். பார்த்தால் படித்துவிடலாம் போல இருக்கும். ஆனால் ஆறு தொனி பெரியப்பா. ஒரே 'மா', தொனி மாறினால் பேய், நாற்று, கல்லறை, குதிரை. தெற்கே அம்மாவும் அதுதான். கேளுங்கள்.

கார்த்தி: 🎤 குரல் செய்தி 0:07

பெரியப்பா: இப்போது கூப்பிட்டது அம்மாவையா, பேயையா?

அம்மா: யாரைக் கூப்பிட்டிருந்தாலும் தோசை ஆறுகிறது, கீழே வா.